தடம் மாறின் சாதனை என்னாம்?

இலண்டன் மாநகரின் நிலக்கீழ்ப் புகையிரதப் பாதையில் இன்று 272 நிலையங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றேனும் விடாது, ஒரே நாளில், இயன்ற அளவு விரைவாக எல்லாவற்றையும் கண்டு முடித்தல் வேண்டும் என்று அதிகாலையிற் புறப்பட்டு, இரவு வெகுநேரம் சென்றபின் ஓய்வோர் சிலர் உளர். அவர்க்குப் பரிசுப் பணம் இல்லை. கண்டு ஆரவாரிக்கக் கூட்டமும் இல்லை. கிடைப்பது கின்னஸ் சாதனை நூலில் ஒரு வரி மட்டுமே. "இதனால் யாது பயன்?" என்று வினவுவார்க்கு விடை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவ்வினாவை வெண்பா யாப்பவனிடமும் சதுரங்கம் ஆடுபவனிடமும் கேட்கலாம். மூவரும் ஒரே விடையைத்தான் கூறுவர். யான் எடுத்துக்கொண்ட வினா வேறு. ஓடுவோன் ஓடிக்கொண்டிருக்க, ஓடுகளமும் ஆண்டுக்காண்டு மாறிக்கொண்டிருக்குமாயின், நேற்று ஓடியவனையும் இன்று ஓடியவனையும் எந்தக் கோல் கொண்டு அளப்பது?

புகையிரதம் என்னும் சொல்லை அறிந்தே ஆளுகின்றேன். இன்று அங்கே புகையும் இல்லை, கரியும் இல்லை. மின்சாரமே வண்டிகளைச் செலுத்துகின்றது. ஆயினும் 1863 ஆம் ஆண்டு சனவரி 10 ஆம் நாள் பாடிங்டனுக்கும் பரிங்டனுக்கும் இடையே உலகின் முதலாவது நிலக்கீழ்ப் பாதை திறக்கப்பட்டபோது, நீராவி எஞ்சின்களே நிலத்தின் அடியிற் புகை கக்கி ஓடின. ஆழக் குழாய்ப் பாதையில் மின்சார வண்டி வந்தது 1890 ஆம் ஆண்டில். பெயர் நிற்கப் பொருள் மாறுவது மொழியில் இயல்பு. அப்பாதையிலும் அதுவே நிகழ்ந்துள்ளது; நாம் இங்கு ஆராயப் புகுவதும் அதனையே.

எம் கல்லூரியிற் பயின்று இப்பொழுது இலண்டனின் ஹரோப் பகுதியில் வாழும் பழைய மாணவர் ஒருவர், விடுமுறையில் வந்தபோது அப்பாதையின் படமொன்றைத் தந்து சென்றார். ஹரி பெக் என்பவர் 1931 இல் வரைந்து 1933 இல் வெளியான படத்தின் வழிவந்தது அது. இடங்களுக்கு இடையே உள்ள உண்மைத் தூரத்தைப் பொருட்படுத்தாது, எது எதனோடு தொடர்புடையது என்பதை மட்டும் நேர்கோடுகளாற் காட்டுவது. அயற் கல்லூரிக் கணித ஆசிரியர் ஒருவரும் யானும் பல மாலைப் பொழுதுகளில் அதனை மேசைமேல் விரித்து வைத்து, கரிக்கோலால் வழி தேடியிருக்கின்றோம். அவர் இளைஞர், என் மாணவர்க்கு மாணவராகும் வயதினர். எங்கள் இருவர்க்கும் இடையே எழுந்த வாதமே இக்கட்டுரைக்கு வித்து.

முதலில் விதிகளைக் கூறுவேன். ஒவ்வொரு நிலையத்திலும் இறங்க வேண்டும் என்பதில்லை. ஏறியுள்ள வண்டி அங்கே நின்றாற் போதும். எல்லாத் தடங்களையும் முற்றக் கடக்க வேண்டியதுமில்லை, நிலையங்களே கணக்கு. ஒரு நிலையத்திலிருந்து வெளியேறி மற்றொன்றுக்கு நிலத்தின் மேல் நடந்தும் ஓடியும் செல்லலாம். பொதுமக்கள் ஏறும் பஸ்ஸிலும் செல்லலாம். தனியார் மோட்டார் வண்டி, வாடகை வண்டி, துவிச்சக்கர வண்டி என்பன ஆகா. வண்டி ஏறிய நேரமும் நின்ற நேரமும் குறித்த ஏடும், சாட்சிகளின் கையொப்பமும் வேண்டும். முதலாவதாகப் பதிவான முயற்சி 1959 ஆம் ஆண்டினது. அப்பொழுது நிலையங்கள் 264. எடுத்த நேரம் 18 மணி 35 நிமிடம்.

இதன் அருமை எங்கே உள்ளது? நம் ஊர் ஒழுங்கைகளை நினைந்துகொள்க. இரு பக்கமும் திறந்த ஒழுங்கையிற் புகும் தபாற்காரர் ஒரு வாயிலாற் புகுந்து மறு வாயிலால் வெளியேறுவார். ஒரே வாயிலையுடைய ஒழுங்கையாயின், கடிதத்தைக் கொடுத்தபின் வந்த வழியே மீள வேண்டும், அத்தூரம் இரட்டிப்பாகும். கணித நூலார் இதனை ஆழ்ந்து ஆராய்ந்துள்ளனர். கேனிக்ஸ்பேர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒரு முறைக்கு மேற் கடவாது சுற்றிவரல் இயலுமோ என்னும் வினாவுக்கு, இயலாது என்று ஒயிலர் 1736 இல் நிறுவினார். ஒற்றை எண்ணிக்கையில் வழிகள் கூடும் இடம் ஒன்று, பயணத்தின் தொடக்கமாகவோ முடிவாகவோ மட்டுமே இருத்தல் கூடும் என்பது அவர் கண்ட உண்மை. 1960 இற் சீனக் கணிதர் ஒருவர் தபாற்காரரின் வழி பற்றியே ஓர் ஆய்வு எழுதினார். இன்றும் அக்கணக்குத் தபாற்காரர் பெயராலேயே வழங்குகின்றது.

இலண்டன் படத்தில் ஒரே வாயிலையுடைய கிளைகள் இருபதுக்குக் குறையா. அவற்றுள் ஒன்றில் தொடங்கலாம், ஒன்றில் முடிக்கலாம், அவ்விரண்டும் ஒரு வழிப் பயணத்தோடு தீரும். எஞ்சியவற்றில் எல்லாம் போய் மீள வேண்டும். அன்றேல் ஈற்று நிலையத்தில் இறங்கி, அயலிலுள்ள மற்றொரு தடத்துக்குத் தரைவழியே தாவ வேண்டும். மேற்கு ரைஸ்லிப் நிலையத்தில் முடியும் தடத்துக்கும் இக்கினம் நிலையத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மைல். மீண்டு வந்து வேறு வண்டி மாறுவதைக் காட்டிலும் அந்த மைலை ஓடிக் கடப்பது விரைவு. வலிய கால்கள் உடையவனுக்குப் படத்தில் இல்லாத கோடுகளும் உண்டு.

எம் மாணவர் சித்திரகவி பயின்றவர். அவர்க்கு இதனை எளிதில் உணர்த்தலாம். தண்டியலங்காரம் சொல்லணியியலில் நாகபந்தம் கூறுகின்றது. பின்னிக் கிடக்கும் பாம்புகளின் உடலில் எழுத்துக்களை நிரப்புங்கால், இரு உடல்கள் குறுக்கிடும் இடத்து நிற்கும் எழுத்து இரு வரிக்கும் பொதுவாகும். அப்பொது எழுத்தே பந்தத்தின் உயிர். அதில் ஒன்றை மாற்றினால், ஓர் அடி அன்று, செய்யுள் முழுவதுமே குலையும். மீண்டும் முதலிலிருந்து யாக்க வேண்டும். புகையிரதப் பாதையிற் சந்தி நிலையம் அப்பொது எழுத்துப் போன்றது. தடத்தில் ஒரு மாற்றம் நேர்ந்தால், பல மாதம் முயன்று யாத்த வழி முழுவதும் குலைவது இதனாலேயாம்.

மாற்றங்கள் மூவகையின. குறைதல் ஒன்று, மிகுதல் ஒன்று, எண்ணிக்கை மாறாது ஒழுங்கு மட்டும் மாறுதல் ஒன்று.

குறைதலை முதலிற் காண்போம். 1959 இல் மெற்றோபொலிற்றன் தடம் நகரை விட்டு வெகுதூரம் விலகி அயில்ஸ்பெரி வரை சென்றது. அதன் புறப்பகுதியில் நீராவி எஞ்சின்கள் அப்பொழுதும் ஓடின. 1961 இல் அத்தடம் அமர்ஷாமுடன் நின்றது. 1994 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 30 ஆம் நாள், நகரின் நடுவிலுள்ள ஒல்ட்விச் நிலையமும், வயல்களுக்கு நடுவே ஒங்கார் வரை சென்ற கிளையும் ஒருங்கே மூடப்பட்டன. ஒல்ட்விச்சுக்கு அலுவலகத்தார் போய்வரும் காலையிலும் மாலையிலும் மட்டுமே வண்டி உண்டு. அது மூடப்பட்டதால் நீங்கியது ஒரு நிலையம் மட்டுமன்று. "இவ்வேளைக்குள் இங்கே வந்துவிட வேண்டும்" என்னும் ஒரு கட்டளையும் நீங்கியது. கிழக்கு இலண்டன் தடத்தின் சோர்டிச் நிலையமும் அத்தகையதே; வேலை நாட்களில் நெரிசல் வேளையில் மட்டும் திறக்கும் அந்நிலையம் 2006 இல் மூடப்பட்டது. அத்தடத்தின் எஞ்சிய பகுதியும் 2007 டிசெம்பரில் மூடப்பட்டு, பின்னர் 2010 இல் வேறொரு புகையிரத ஒழுங்கின் பகுதியாகத் திறந்தது. அதனால் 275 ஆக இருந்த நிலையத் தொகை 268 ஆயிற்று. தேம்ஸ் நதிக்குத் தெற்கே நியூ குரொஸ், நியூ குரொஸ் கேற் என்னும் இரண்டு ஈற்று நிலையங்களுக்குப் போய் மீளும் தொல்லையும் அதனோடு தீர்ந்தது.

இனி மிகுதல். நிலையம் கூடினால் நேரமும் கூடும் என்று எண்ணுவது இயல்பு. அஃது எப்பொழுதும் உண்மையன்று. 1968 முதல் 1971 வரை பகுதி பகுதியாகத் திறந்த விக்ரோறியாத் தடத்தை நோக்குக. அதன் நிலையங்களுள் பிம்லிக்கோ ஒன்று நீங்கலாக மற்றெல்லாவற்றிலும் வேறொரு புகையிரதத்துக்கு மாறலாம். நிலையங்களைக் கூட்டிய அத்தடமே நகரின் குறுக்கே விரைந்து செல்ல வழியும் கொடுத்தது. 1999 இல் ஸ்ராற்போர்ட் வரை நீண்ட யூபிலித் தடமும் அவ்வாறே. அது தொங்கி நில்லாது, சென்று சேர்ந்த இடத்தில் மற்றொரு தடத்தோடு கூடியது. ஆனால் 2021 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 20 ஆம் நாள் திறந்த புதிய கிளை இதற்கு மாறானது. கெனிங்ரனிலிருந்து பிரிந்து, நைன் எல்ம்ஸ், பற்றர்சீ மின்நிலையம் என்னும் இரண்டு நிலையங்களோடு அது முடிந்துவிடுகின்றது. நிலையம் இரண்டே, ஆயினும் புகுந்து மீள வேண்டிய புதிய ஒழுங்கை ஒன்று. மீளாது விட எண்ணுவோன் நைன் எல்ம்ஸில் இறங்கி, அயலிலுள்ள வொக்ஸோல் நிலையத்துக்குக் கால்நடையாகச் செல்வான்.

ஹீத்ரோ விமான நிலையத்தின் கதை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. 1977 இல் அங்கே தடம் சென்றது. 1986 இல் நான்காம் முனையத்துக்காக வளையம் ஒன்று அமைத்தனர். அதில் வண்டி ஒரு திசையில் மட்டுமே செல்லும். நான்காம் முனையத்தைத் தொட்டு நடு முனையம் வழியே திரும்பி வரும். ஏறியிருந்தாற் போதும், எல்லாம் கணக்கில் வந்துவிடும். 2008 இல் ஐந்தாம் முனையத்துக்கு நடு முனையத்திலிருந்து தனிக்கிளை சென்றது. நான்காம் முனையத்துக்குச் செல்லும் வண்டி ஐந்தாம் முனையத்துக்குப் போகாது; அங்கே போவது இங்கே வராது. எனவே நடு முனையத்தில் இறங்கி மற்றொரு வண்டிக்குக் காத்திருத்தல் வேண்டும். இடர்தான், ஆனால் பயணத்தை அங்கேயே முடித்துக்கொள்வோனுக்கு மீளும் தொல்லை இல்லை. ஓர் இடரே ஒரு வழியின் முடிவிடத்தைக் காட்டித் தருவதும் உண்டு.

மூன்றாவது வகை மிக நுண்ணியது. 2009 டிசெம்பரில் வட்டத்தடம் வட்டமாக ஓடுவதை நிறுத்தியது. அதன் வண்டிகள் ஹமர்ஸ்மித்திலிருந்து வந்து, நகரைச் சுற்றி, எட்ஜ்வெயர் ரோட்டில் முடிவனவாயின. ஒரு நிலையமும் கூடவில்லை, குறையவில்லை. ஹமர்ஸ்மித் கிளையில் வண்டிகள் மிகுந்தன, அவ்வளவே. 2010 டிசெம்பர் வரை, செஷம் என்னும் தொலைவான கிளைக்குச் சிறு வண்டி ஒன்று சந்தியிலிருந்து போய்வந்தது. அதன்பின் நகரிலிருந்தே நேர் வண்டி சென்றது. 2011 டிசெம்பரில் ஒலிம்பியா நிலையத்துக்கு வேலை நாட்களிற் சென்ற வண்டிகள், அதிகாலையிலும் பின்னிரவிலும் செல்லும் சில நீங்கலாக நிறுத்தப்பட்டன. படத்தைப் பார்ப்பவன் "ஒன்றும் மாறவில்லை" என்பான். ஓடுபவனுக்கோ அன்றைக்கு ஓடுகளமே வேறு. கட்டப்படாத தடமும் இவனைத் தாக்கும்: 1930 களில் எட்ஜ்வெயரையும் மில் ஹில் ஈஸ்ற் நிலையத்தையும் இணைக்கத் திட்டமிட்டனர், உலகப் போர் குறுக்கிட்டது, பின்னர் அதனைக் கைவிட்டனர். அதனால் மில் ஹில் ஈஸ்ற் இன்றும் ஒரே வாயிலையுடைய ஒழுங்கையாய் நிற்கின்றது.

இப்பொழுது எங்கள் வாதத்துக்கு வருவேன். 2004 ஆம் ஆண்டில் ஈட்டிய சாதனை, 275 நிலையங்கள், 18 மணி 35 நிமிடம் 43 வினாடி. 2015 இல் ஈட்டியது, 270 நிலையங்கள், 15 மணி 45 நிமிடம் 38 வினாடி. கணித ஆசிரியர் இவற்றை 1959 இன் கணக்கோடு ஒரு தாளில் வரிசையாக எழுதி, நேரத்தை நிலையத் தொகையால் வகுத்தார்.

"பண்டிதர் ஐயா, பாருங்கள். 1959 இல் ஒரு நிலையத்துக்கு 4 நிமிடம் 13 வினாடி. 2004 இல் 4 நிமிடம் 3 வினாடி. 2015 இல் 3 நிமிடம் 30 வினாடி. நிலையத் தொகை மாறினால் என்ன? சராசரி எல்லாவற்றையும் சமன்செய்துவிடும். பழையவர்கள் மெதுவானவர்கள் என்பது கணக்காலே தெளிவு" என்றார்.

"தம்பி, வகுத்தது சரி. வகுத்த பொருள் ஒரே பொருளா?" என்றேன்.

செஷம் நிலையத்துக்கும் அதற்கு அடுத்த நிலையத்துக்கும் இடையே 6 கிலோமீற்றருக்கு மேல் உண்டு. லெஸ்ரர் ஸ்குவயருக்கும் கொவென்ற் கார்டனுக்கும் இடையே 300 மீற்றரும் இல்லை. இரண்டையும் "ஒரு நிலையம்" என்று எண்ணி வகுத்தால் வருவது எண்ணேயன்றி நீதியன்று. 1959 இல் ஓடியவர்க்கு விக்ரோறியாத் தடம் என்னும் குறுக்கு வழி இல்லை. 2004 இல் ஓடியவர் சோர்டிச் திறந்திருக்கும் வேளையை நோக்கி மற்றெல்லாவற்றையும் ஒழுங்குசெய்ய வேண்டியிருந்தது. 2015 இல் ஓடியவர்க்கு அத்தளை இல்லை. ஆனால் முன்னவர் அறியாத ஐந்தாம் முனையம் உண்டு. பழையவர் மெதுவானவர் என்பதற்கு இக்கணக்கில் இடமில்லை. அவர் வேறு பாதையில் ஓடினார் என்பதற்கு மட்டுமே இடமுண்டு.

தமிழ் பயில்வார்க்கு இது புதிதன்று. தொல்காப்பியத்தின் நூற்பாத் தொகை உரையாசிரியர்க்கு உரையாசிரியர் வேறுபடும். ஒருவர் ஒன்றாகக் கொண்டதை மற்றவர் இரண்டாகப் பிரிப்பர். இளம்பூரணர் கொண்ட பாடத்தைக் கண்ணாற் காணாது, நச்சினார்க்கினியர் பாடத்தை முன்வைத்துக்கொண்டு இளம்பூரணர் உரையிற் குற்றம் காண்பது நேர்மையாகுமா? எந்தப் பாடத்துக்கு எழுந்த உரையோ, அந்தப் பாடத்தோடு வைத்தே அவ்வுரையை மதிக்க வேண்டும். வகுப்பறையிலும் இதுவே வழக்காதல் தகும். பாடத்திட்டம் மாறியபின் பழைய திட்டத்திற் சித்தியடைந்தவனின் புள்ளியையும் புதியவனின் புள்ளியையும் அருகருகே வைத்து, முன்னவனைக் குறைவாகப் பேசுவதை யான் பல முறை கேட்டிருக்கின்றேன். பேசப்பட்டவன் முகம் வாடுவதையும் கண்டிருக்கின்றேன். அவன் எழுதிய வினாத்தாளை இன்று எவரும் எழுதப் போவதில்லை. எனவே தன் தகுதியை மீண்டும் காட்டி நிறுவ அவனுக்கு வழியும் இல்லை. எண்ணை மட்டும் வைத்து எண்ணை நீக்கி நிற்கும் மனிதனை மறப்பதால் வரும் கேடு இது.

அங்ஙனமாயின் ஒப்பிடவே கூடாதா? கூடும், பாடம் ஒன்றாய் இருந்தால் கூடும். நிலையங்கள் 270 ஆய் நின்ற காலம் 2008 இல் தொடங்குகின்றது. ஆயினும் வட்டத்தடமும், செஷம் கிளையும், ஒலிம்பியாவும் மாறியது அக்காலத்துள்ளேதான். ஆகவே எண் ஒன்றாயினும் 2009 இன் பாடமும் 2012 இன் பாடமும் ஒன்றல்ல. அம்மாற்றங்கள் எல்லாம் நிகழ்ந்து முடிந்தபின், 2013 இல் ஒரு சாதனை பதிவாயிற்று: 16 மணி 20 நிமிடம் 27 வினாடி. அதே நிலையங்கள், அதே தடங்கள், 2015 இல் 15 மணி 45 நிமிடம் 38 வினாடி. இடைப்பட்ட 34 நிமிடம் 49 வினாடியே, பாதை உபகரித்தது அன்று, பெரும்பாலும் மனிதர் தம் அறிவாலும் காலாலும் ஈட்டியது எனத் துணிந்து கூறத்தக்கது. நாற்பத்தைந்து ஆண்டு இடைவெளியை வகுத்துப் பெற்ற சராசரியை விட, இரண்டு ஆண்டு இடைவெளியிற் பெற்ற இந்த அரை மணிக்கு என் கருத்திற் பெறுமதி மிகுதி. இதனைக் கூறியபோது கணித ஆசிரியர் சிறிது நேரம் தாளையே நோக்கியிருந்தார். பின்னர் தம் அட்டவணையில் ஒரு நிரல் கூட்டி, ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரே அவ்வாண்டில் இருந்த தடங்களை எழுதத் தொடங்கினார். அந்த நிரல் மற்றெல்லா நிரல்களையும் விட நீண்டது.

2021 இற் பற்றர்சீக் கிளை திறந்த நாளோடு, 270 நிலையங்களின் பாடம் முடிந்தது. 15 மணி 45 நிமிடம் 38 வினாடியை அப்பாதையில் இனி எவரும் முறியடிக்க மாட்டார். எவரும் அதனைச் சமன்செய்யவும் மாட்டார். வென்றவர் வலிமையால் மட்டும் வந்த நிலைபேறன்று இது; ஓடுதற்கு அப்பாதை இல்லாமையால் வந்தது. இதனை வெற்றி என்று மகிழ்வதா, துணையற்ற தனிமை என்று இரங்குவதா என்று யான் எண்ணிப் பார்ப்பதுண்டு. புதிதாகப் புறப்படுவோர் 272 நிலையங்களோடு தொடங்குகின்றனர். முன்னோர் எழுதிவைத்த வழியிற் பெரும்பகுதி அவர்க்கு உதவும். கெனிங்ரன் வந்ததும் அது கைவிடும். அங்கே கரிக்கோலை எடுத்துத் தாமே எழுத வேண்டும். எழுதி முடித்து, ஓடி முடித்து, நேரத்தைக் குறிக்கும்போது, அதன் அருகே அன்றைய படத்தையும் வைத்துவிடுவாராயின், பின்வருவோர் அவரைத் தவறாக அளவார்.